பெரியவனின் இதயம்: ஒரே நஞ்சுக்கொடியில் வளர்ந்த இரட்டையர் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

"சின்னவன் பொழச்சுக்குவானா டொக்டர்?"

பிள்ளைகள் பிறந்த அன்றிரவு, சக்கர நாற்காலியில் குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு வந்த அந்தத் தாய் கேட்ட முதல் கேள்வி இதுதான். கேட்டதில் பிழையே இல்லை. ஒரு கண்ணாடிப் பெட்டியில் 1,480 கிராமில் சிவந்து, கன்னம் உப்பிய ஒரு பையன். அடுத்த பெட்டியில் 1,020 கிராமில் வெளிறி, விலா எலும்பு எண்ணக்கூடிய இன்னொரு பையன். யாராக இருந்தாலும் இரண்டாவது பெட்டியைத்தான் பார்த்துக் கலங்குவார்கள். ஆனால் அந்த நேரம் என் கை முதலாவது பெட்டிக்குள் இருந்தது. எனக்குப் பயம் தந்தவன் பெரியவன்.

இரண்டு பேரையும் பற்றித் தாயின் சம்மதத்தோடு எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் வைத்தியசாலைகளின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். மருத்துவம் சார்ந்த எதையும் மாற்றவில்லை.

வயிறு அளந்த நாடா

தாய்க்கு வயது 27. நுவரெலியா மாவட்டத்தில், மலை உச்சியை ஒட்டிய ஒரு டிவிஷனில் கொழுந்து எடுப்பவர். இது இரண்டாவது கர்ப்பம். மூத்தது ஐந்து வயதுப் பெண் பிள்ளை, சுகப்பிரசவம். சீனி வருத்தம் இல்லை, பிரஷர் இல்லை. ஒன்பதாம் வாரத்திலேயே தோட்டத்துக்கு வரும் மருத்துவ மாதுவிடம் பதிவு செய்து அட்டை வாங்கிக்கொண்டார். கடமையில் அவர் எந்தக் குறையும் வைக்கவில்லை, இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் விழாது, அன்றைய சம்பளம் போய்விடும். அப்படியிருந்தும் ஒரு கிளினிக்கைக்கூட அவர் தவறவிடவில்லை.

முதல் ஸ்கேன் 13ஆம் வாரத்தில் எடுக்கப்பட்டது. அந்தத் தாளைப் பொலித்தீன் பையில் நாலாக மடித்து வைத்திருந்தார், பிறகு நானே விரித்துப் பார்த்தேன். "இரட்டை. இரண்டிலும் இதயத் துடிப்பு உண்டு." அவ்வளவுதான். நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஸ்கேனுக்கு 22ஆம் வாரம் வரச்சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இந்த நிகழ்வில் தவறிய இடம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. இரண்டு நஞ்சுக்கொடி என்றால், பிள்ளைகளைப் பிரிக்கும் படலத்துக்கு நடுவே நஞ்சுக்கொடியின் சதை முக்கோணமாக ஏறி நிற்கும். ஒன்றே என்றால், நூல் போன்ற மெல்லிய படலம் நேராக வந்து ஆங்கில 'டீ' எழுத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி அதில் முட்டும். இருபது வாரம் தாண்டினால் இந்த அடையாளம் மங்கத் தொடங்கிவிடும். ஒரே நஞ்சுக்கொடி என்று தெரிந்திருந்தால் 16ஆம் வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் பார்த்திருப்போம். தெரியாததால் ஒன்பது வார இடைவெளி விழுந்தது.

அந்த இடைவெளிக்குள் இதைப் பிடித்தவர் மருத்துவ மாது. 19ஆம் வாரத்துக்குப் பிறகு வயிறு திடீரென்று இறுகத் தொடங்கியது. கொழுந்து எடுக்கும்போது இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கைக் கட்ட முடியவில்லை, மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கியது, படுத்தால் புரள முடியவில்லை. "ரெட்டப் புள்ள, அப்படித்தான் இருக்கும்" என்று லயத்தில் எல்லோரும் சொன்னார்கள். 20 வாரமும் 3 நாளும் ஆனபோது வீட்டுக்கு வந்த மருத்துவ மாது நாடாவை எடுத்து அளந்தார். 28 சென்டிமீட்டர். பத்து நாளுக்கு முன் அவரே அட்டையில் எழுதியிருந்தது 22. இரட்டைக்கு வயிறு பெரிதாகத்தான் இருக்கும். பத்து நாளில் ஆறு சென்டிமீட்டர் ஏறாது. தோட்டத்து லொறிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே த்ரீவீலர் பிடித்து அனுப்பிவைத்தார்.

ஸ்கேனில் தெரிந்தது

மறுநாள் மகப்பேற்று நிபுணர் பார்த்தார். ஒரே நஞ்சுக்கொடி, கர்ப்பப்பையின் முன்சுவரில். இரண்டும் ஆண். ஒரு பையில் நீர் வழிய வழிய இருந்தது, ஆழமான இடத்தில் 11.2 சென்டிமீட்டர். மற்றப் பையில் 1.4. நீர் குறைந்த பிள்ளை, படலம் மேலே ஒட்டிப்போக, சுவரோடு சுவராக அசையாமல் கிடந்தது. ஒரு மணித்தியாலம் பார்த்தும் அதன் சிறுநீர்ப்பை நிரம்பவில்லை.

ஒரு பிள்ளைக்கு நீர் குறைவு என்றால் வேறு காரணங்களும் உண்டு. சிறுநீரகம் சரியாக அமையாமல் இருக்கலாம், நஞ்சுக்கொடியில் அதன் பங்கு சிறுத்து வளர்ச்சி குன்றியிருக்கலாம். ஆனால் ஒன்றில் வறட்சியும் மற்றதில் வெள்ளமும் சேர்ந்து நின்றால் காரணம் அநேகமாக ஒன்றே: ஒரு பிள்ளையின் ரத்தம் மற்றதற்குப் போய்க்கொண்டிருக்கிறது. இரட்டையரிடை ரத்தமாற்றம். வாட்டில் இதை டீ.டீ.டீ.எஸ். என்பார்கள். நஞ்சுக்கொடியைப் பங்குபோடும் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை இது வருகிறது. நடுமாதங்களில் கடுமையாக வந்து எதுவும் செய்யாமல் விட்டால் பத்தில் எட்டு ஒன்பது பிள்ளைகள் தங்காது.

1999இல் குயின்டேரோ என்ற மருத்துவர் இதற்கு ஐந்து நிலைகள் வகுத்தார். நீர் வித்தியாசம் மட்டும் என்றால் முதல் நிலை. கொடுக்கும் பிள்ளையின் சிறுநீர்ப்பை தெரியாவிட்டால் இரண்டு. தொப்புள்கொடியிலோ, ஈரல் வழியாக இதயத்துக்குப் போகும் சிறு நாளத்திலோ ஓட்டம் கெட்டால் மூன்று. உடம்பில் நீர் கோத்தால் நான்கு. ஒரு பிள்ளை இறந்தால் ஐந்து. இந்தத் தாய் இரண்டாம் நிலையில் வந்தார்.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. இதயத்தின் தசையையும் வால்வையும் அது நேராகப் பார்ப்பதில்லை. அன்றைய ஸ்கேனில் வாங்கும் பிள்ளையின், அதாவது பெரியவனின், இதயம் நெஞ்சுக்கூட்டில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது, வலப்பக்கச் சுவர் தடித்திருந்தது, வலப்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள முக்கூர் வால்வில் ரத்தம் பின்னோக்கிக் கசிந்தது. கணக்கின்படி நிலை இரண்டு. இதயத்தைக் கேட்டால் அது வேறு பதில் சொல்லியிருக்கும். நிலை ஒன்றோ இரண்டோ, வாங்கும் பிள்ளையின் இதயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பங்கு

மாமியார் ஒரு விளக்கம் வைத்திருந்தார். மருமகள் இரட்டை வாழைப்பழம் சாப்பிட்டதால் ரெட்டை தரித்தது. வயிற்றுக்குள் பெரியவன் சின்னவனின் பங்கையும் சேர்த்துத் தின்றுவிட்டான். வாழைப்பழக் கதையை விடுவோம். இரண்டாவது பேச்சு உண்மைக்கு வெகு அருகில் போகிறது. ஆனால் தின்றவன் கொழுத்தான் என்று அந்தப் பேச்சு முடிகிற இடத்தில்தான் உண்மை திரும்பிக்கொள்கிறது.

ஒரே கரு நாலாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் இடையில் இரண்டாகப் பிரிந்தால், பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பை இருக்கும், நஞ்சுக்கொடி ஒன்றாக இருக்கும். பாடப்புத்தகத்தில் சூல்வித்தகம் என்று படித்தோமே, அதுதான். ஒரே அச்சு இரட்டையர்களில் நாலில் மூன்று பேர் ஏறக்குறைய இப்படித்தான் வளர்கிறார்கள். அந்தக் கொடிக்குள் இருவரின் ரத்தக் குழாய்களும் ஒன்றோடொன்று சந்திக்கின்றன. பெரும்பாலும் போவதும் வருவதும் சரிசமமாக இருந்துவிடும். சிலரில் ஒரு பக்கமே சாய்ந்துவிடும்.

கொடுக்கும் பிள்ளைக்கு ரத்தம் குறைகிறது. உடம்பு பதறுகிறது. ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கவும் நீரை மிச்சம் பிடிக்கவும் சிறுநீரகம் ஹோமோன்களைச் சுரக்கிறது. அந்த ஹோமோன்கள் அங்கேயே நிற்பதில்லை, ரத்தத்தோடு சேர்ந்து வாங்கும் பிள்ளைக்கும் போகின்றன. ஆக வாங்கும் பிள்ளைக்கு இரட்டை அடி. அளவுக்கு மிஞ்சிய ரத்தத்தை இதயம் தள்ள வேண்டும். தள்ளும் குழாய்களோ தம்பி அனுப்பிய ஹோமோனால் இறுகிக் கிடக்கின்றன. அதிக ரத்தத்தைச் சிறுநீராக்கிக் கழிக்கப் பார்த்துத்தான் அந்தப் பை வெள்ளக்காடாகிறது. கருவில் இதயத்தின் வலப்பக்கமே கூடுதல் வேலை செய்வதால் அதுவே முதலில் தடிக்கிறது. தடித்த தசை விரிய மறுக்கிறது. உள்ளே வரும் ரத்தம் குறைந்து, நுரையீரல் நாடிக்குப் போகும் வால்வு வழியான ஓட்டமும் மெலிகிறது.

மலையில் கான் வெட்டியவர்களுக்கு இந்த இடத்தை விளக்கத் தேவையில்லை. தண்ணீர் ஓடுகிறவரை கான் அகலமாக இருக்கும். ஓட்டம் நின்றால் இரண்டு மழைக்குள் தூர்ந்துபோகும். வால்வும் அப்படித்தான், ஓட்டம் இருந்தால்தான் அது வளரும். நல்லபடி உருவான ஒரு வால்வு, ஐந்தாம் ஆறாம் மாதத்தில் ஓட்டம் கெட்டதால் குறுகிவிடுகிறது. பிறவி இதய நோய் என்று எழுதுகிறோம். ஆனால் கரு உண்டானபோது அது இருந்ததில்லை.

ரத்தமாற்றம் வராவிட்டால்கூட நஞ்சுக்கொடியைப் பங்குபோடும் பிள்ளைகளுக்கு இதயக் குறை வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு கூடுதல். சாதாரணமாக நூறு பிள்ளைகளில் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட வருவது இது. ஒரே கர்ப்பப்பை, ஒரே மரபணு, ஆனால் ஒருவனுக்கு இதயத்தில் ஓட்டை இருக்கும், மற்றவனுக்கு இருக்காது. அதனால் இப்படியான எல்லாக் கர்ப்பத்திலும் 18 முதல் 22 வாரத்துக்குள் இரண்டு பிள்ளைகளின் இதயத்தையும் தனியாக எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பார்க்கச் சொல்கிறார்கள்.

செய்தது

இரண்டாம் நிலையில், 16 முதல் 26 வாரத்துக்குள், முதல் தெரிவு லேசர். கர்ப்பப்பைக்குள் மெல்லிய கமெராவை விட்டு, இருவரையும் இணைக்கும் குழாய்களைத் தேடிப்பிடித்துச் சுட்டு மூடுவது. 2004இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு 142 தாய்மாரைக் கொண்டு இதை நிறுவியது. பிறந்து 28 நாள் வரை ஒரு பிள்ளையாவது தப்பியது லேசர் பக்கம் 76 சதவீதம், நீரை மட்டும் இறக்கிய பக்கம் 56 சதவீதம். பின்னர், 2014இல், சுட்ட புள்ளிகளை ஒரே கோடாக இணைத்துச் சுடும் முறையும் பயன் தரும் என்று தெரிந்தது.

கணவனையும் மனைவியையும் உட்கார வைத்து லேசர் பற்றிப் பேசினோம், அனுப்பும் ஒழுங்கும் தொடங்கியது. அதற்குள் கர்ப்பப்பை வாயின் நீளம் 12 மில்லிமீட்டராகக் குறைந்து, வயிறு விட்டுவிட்டு இறுகத் தொடங்கிவிட்டது. இந்த நிலையில் மலைப் பாதையில் மணிக்கணக்காகப் பயணம் செய்தால் பாதி வழியிலேயே பிரசவமாகிவிடும் என்று நிபுணர் முடிவு செய்தார். ஊசி வழியாக 1.8 லீற்றர் நீரை மெதுவாக இறக்கினார்கள். பதினொரு நாள் கழித்து இன்னும் 2.1 லீற்றர். இதனால் தாய்க்கு மூச்சு வந்தது, கர்ப்பப்பையின் இறுக்கம் விட்டது. குழாய்கள் மட்டும் திறந்தே இருந்தன. இருந்த வழிகளில் சரியான முடிவு அதுதான். ஆனாலும் பெரியவனின் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைக்கும் ஒவ்வொரு தடவையும், 16ஆம் வாரத்திலேயே தெரிந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருந்ததில்லை.

அடுத்த ஏழு வாரங்கள் வாட்டிலேயே. சின்னவன் தேறினான். இரண்டாவது தடவை நீர் இறக்கிய பிறகு அவனுடைய சிறுநீர்ப்பை தெரிய ஆரம்பித்தது. பெரியவனின் இதயம் அப்படியே நின்றது, பிறகு மோசமானது. முப்பதாம் வாரத் தொடக்கத்தில், ஈரல் வழியாகப் போகும் அந்தச் சிறு நாளத்தில், இதயத்தின் மேலறை சுருங்கும்போது ரத்தம் பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதாவது இதயம் வருவதை ஏற்றுக்கொள்ளாமல் திருப்பி அனுப்புகிறது. நுரையீரலுக்கான ஸ்டீரொயிட் ஊசியும், மூளையைக் காக்க மக்னீசியமும் கொடுத்து, 30 வாரமும் 2 நாளும் ஆனபோது சிசேரியன் செய்தார்கள்.

முதல் ஆறு நாள்

ஒரே தாய், ஒரே நாள், இரண்டு நிமிட வித்தியாசம். ஆனால் இரண்டு பெட்டிக்கும் நேர் எதிரான வைத்தியம்.

சின்னவனுக்கு ஹீமோகுளோபின் 14.8, பிரஷர் தாழ்ந்து நின்றது, உடம்பில் நீர் பற்றாக்குறை. அவனுக்கு சேலைன் தேவைப்பட்டது. நுரையீரல் விரிவதற்கு சர்ஃபக்டன்ட் ஒரு தடவை கொடுத்தோம். மூன்றாம் நாள் மூச்சுக்கான மெஷினை எடுத்துவிட்டோம்.

பெரியவனுக்கு ஹீமோகுளோபின் 20.9. சிவந்த நிறத்தின் காரணம் அதுதான், ஆரோக்கியம் அல்ல. பிரஷர் 71க்கு 48, அந்த எடைக்கு இது மிக அதிகம். தடித்த இதயத்துக்கு நீரைக் கூட்டிக் கொடுத்தாலும் ஆபத்து, நீரை இழுத்துவிடும் மருந்தை அள்ளிக் கொடுத்தாலும் ஆபத்து, நிரம்பாத இதயம் தள்ள எதுவும் இல்லாமல் தவிக்கும். துடிப்பை முறுக்கிவிடும் மருந்துகள் தடித்த தசையை இன்னும் இறுக்கிவிடும். இரவு தாதியிடம், "மிஸ், பெரியவன் சிவப்பா இருக்கான், சுறுசுறுப்பா இருக்கான் என்று விட்டுவிட வேண்டாம், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பிரஷர் எடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அவர் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எடுத்து வைத்திருந்தார்.

இரண்டாம் நாள் காலை மார்பின் இடப்பக்கம், காறை எலும்புக்குக் கீழே சத்தம் கேட்டது. துருப்பிடித்த தகரத்தை மெதுவாகச் சுரண்டுவது போல, துடிப்புக்குத் துடிப்பு. நாலாம் நாள் விரல் நுனியிலேயே அதிர்வு தட்டுப்பட்டது. ஆறாம் நாள் கண்டியிலிருந்து வந்த குழந்தை இதய நிபுணர் எக்கோ செய்தார். நுரையீரல் நாடி வால்வு தடித்துக் குறுகியிருந்தது. வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான அழுத்த வித்தியாசம் 38. வல இதயவறை தடிப்பு. முக்கூர் வால்வில் நடுத்தரக் கசிவு. உடனே கை வைக்க வேண்டியதில்லை, ஆனால் விட்டுவிடக் கூடாது என்றார். தசையின் தடிப்பு நாளாக ஆகக் கரைந்துவிடும், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, வால்வுதான் அப்படிப் போகாது.

அன்று மாலை தாயின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். "இது தெரியுதா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பூனக்குட்டி மாதிரி இருக்கு" என்றார். பிறகு, "அப்ப சின்னவன்?" சின்னவனின் இதயம் நன்றாக இருக்கிறது என்றதும் அவர் நம்பவில்லை. மாமியார் அதைவிட நம்பவில்லை. மூன்று வாரம் கழித்து, சின்னவன் போத்தல் பாலை இழுத்துக் குடிக்க, பெரியவன் நாலு மிடறுக்குள் வியர்த்துக் களைத்துப்போன நாளில்தான் அந்த வீட்டுக்கு விஷயம் விளங்கியது.

பலூன்

ஒன்பது வாரத்தில் இருவரும் வீட்டுக்குப் போனார்கள். மாதம் ஒரு எக்கோ. 38 என்றது 45 ஆனது, பிறகு 52. ஐந்தாம் மாதம் 66. உதடு அழும்போது நீலம் பாரித்தது. பிள்ளைகளுக்கு இதயச் சிகிச்சை செய்யும் வைத்தியசாலைக்கு அனுப்பினோம்.

அங்கே செய்தது, 1982இல் அமெரிக்காவில் முதலில் செய்யப்பட்ட ஒரு முறை. தொடையின் நாளம் வழியாகக் குழாயை இதயத்துக்குள் ஏற்றி, குறுகிய வால்வின் நடுவே பலூனை வைத்து ஊதுவது. இந்தப் பிள்ளைக்கு வால்வின் வளையம் 8 மில்லிமீட்டர், பலூன் 10. பெரிதாகப் போட்டால் வளையம் கிழியும், சிறிதாகப் போட்டால் வால்வு திறக்காது. நெஞ்சைத் திறக்கவில்லை, தையல் இல்லை. 66 என்றது 18க்கு இறங்கியது. நாலாம் நாள் ஹட்டன் பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார்கள்.

குறை ஒன்று உண்டு. பலூனுக்குப் பிறகு வால்வு கொஞ்சம் கசிகிறது, பெரும்பாலான பிள்ளைகளில் அப்படித்தான். வளர வளர வால்வு மறுபடி குறுகவும் கூடும். ஆகவே இவனுக்கு எக்கோ வாழ்நாள் முழுக்க, இடைவெளிதான் கூடிக்கொண்டு போகும்.

சின்னவனை நான் கணக்கிலிருந்து எடுத்துவிடவில்லை. கொடுத்த பிள்ளைகளின் நாடிகள் சிறுவயதில் சற்று விறைப்பாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கருவில் இறுகியே பழகிய குழாய்கள். அதனால் அவனுடைய அட்டையிலும் சிவப்பு மையால் எழுதியிருக்கிறேன்: ஒவ்வொரு தடவையும் பிரஷர் பார்க்கவும். எடை சரியாகக் கூடுகிறதே என்று அதை யாரும் விட்டுவிடக் கூடாது. இருவருக்கும் மூளை ஸ்கேன் சுத்தம், கண் பரிசோதனை சுத்தம்.

போன மாதம் இருவருக்கும் ஒரு வயதும் இரண்டு மாதமும். பெரியவன் 8.4 கிலோ, சின்னவன் 7.9. அழுத்த வித்தியாசம் 20இல் நிற்கிறது, வல இதயவறை மெலிந்திருக்கிறது. சின்னவன் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பெரியவன் தவழ்ந்து போய் அவன் காலைப் பிடித்து இழுக்கிறான். மருத்துவ மாதுவும் கூடவே வந்திருந்தார். அன்று அவருக்கு லீவு நாள்.

போகும்போது தாய் ஒரு உதவி கேட்டார். பெரியவனின் எக்கோவும் சின்னவனின் கிளினிக்கும் வெவ்வேறு நாளில் விழுவதால் இரண்டு நாள் பேர் போகிறது, ஒரே நாளில் போட்டுத் தர முடியுமா என்று. அட்டை இரண்டையும் வாங்கி, ஆறு மாதத்துக்குப் பிறகு வரும் ஒரு செவ்வாய்க்கிழமையை இரண்டிலும் எழுதிக் கொடுத்தேன்.